கரடி இல்லாத காடு

அபனாஸ் ரிகோரவிச் கரடி என்ற சொல்லை அடித்துவிட்டு அதன் மேல் ஓநாய் என்று எழுதினார். ஓநாயும் நிலைக்கவில்லை. வட்டாரக் கட்சிச் செயலாளர் வேட்டைப் பிரியர், ஓநாய் என்றால் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துவிட்டால் ஏன் வம்பு என்று இவரே நரியாக்கினார். நரி என்றதும் செயலாளரின் மனைவி போட்டுக்கொள்ளும் நரித்தோல் கோட்டு ஞாபகம் வந்தது. நரியும் போயிற்று.

வட்டாரச் செய்தித்தாளின் நான்காம் பக்கத்தில் இருபது வருடமாக வாராவாரம் மிருகக் கதை எழுதுகிறவர் இவர். முயலைத் திட்டியிருக்கிறார், குருவியைத் திட்டியிருக்கிறார், முள்ளெலியைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். கேட்டால், "நையாண்டின்னா துணிச்சல் வேணும்யா" என்பார். நாரையை மட்டும் தொடமாட்டார். கூரையில் நாரை கூடு கட்டினால் வீடு விளங்கும் என்று நம்புகிற ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்ற பயம்.

இந்த வாரக் கதை அகாத்தாவுக்காக. கூட்டுப்பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்பவள். தொழுவத்துக் கூரை பிய்ந்து கிடக்கிறது என்று பண்ணைத் தலைவரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பனியில் ஆறு கன்றுகள் விறைத்துச் செத்ததும் அவர் பழியை அவள் தலையில் கட்டினார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள்.

அதற்குமுன் ஒரு கதை வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினாள். பெலாரஸில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கதையில் கரடி வந்தால் அது மேலிடம் என்று. கடைக்குத் தாள் வந்ததும் ஒவ்வொரு மிருகத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஆள் பெயரை எழுதிவைப்பது இந்த ஊர் வழக்கம்.

"பேரே போட வேணாம். கரடி கூரையைச் சரி பண்ணலன்னு மட்டும் எழுதுங்க. மிச்சத்த ஊரு எழுதிக்கும்" என்றாள்.

"கவலைப்படாத அகாத்தா. உரிச்சுத் தொங்க விட்டுடறேன் பாரு!" என்றவர், அவள் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு அடையைப் புளித்த பாலேட்டில் தோய்த்து ஒன்பது தின்றார்.

வெள்ளிக்கிழமை வந்த கதையில் கரடி இல்லை. கூரையும் இல்லை. கதவைச் சாத்தாமல் ஊர்சுற்றப் போன ஒரு காகமும், குளிரில் செத்த குஞ்சுகளும் இருந்தன. கடையில் காகத்துக்குப் பக்கத்தில் யாரோ அகாத்தா என்று எழுதிவிட்டார்கள்.

அவள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தாள். "நானா கதவத் திறந்து போட்டேன்? நீங்களே சொல்லுங்க."

"உன்னையா சொன்னேன்? அது காக்கா, அகாத்தா. வெறும் காக்கா." வெட்கங்கெட்ட மனிதர், இதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.

மறுநாள் தலைவர் அந்தத் தாளையே மேடையில் விரித்து வாசித்தார். "பத்திரிகையே சொல்லிடுச்சு. இனி நான் என்னத்தச் சொல்ல?" கைகள் உயர்ந்தன. அகாத்தாவின் வேலை போயிற்று. அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எழுதினவரும் இங்கதான் இருக்காரு" என்று தலைவர் கைதட்டத் தொடங்கினார்.

பின்வரிசையில் அபனாஸ் ரிகோரவிச் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மேடையை நோக்கி இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.