ஹீட்டர் கிழித்த ஸ்டிக்கர்

மாடி வீட்டுக்காரி தன் அக்கா புருஷன் மண்டையை மதர்போர்டால் அடித்து உடைத்துவிட்டாள் என்பதுதான் தெருவில் ஓடுகிற கதை. காலையில் முடிவெட்டுகிற கடையில் மூன்று தையல் என்றார்கள். மதியம் மருந்துக் கடையில் அது ஏழு தையல் ஆனது. சாயங்காலம் இஸ்திரி போடுகிறவர், ஆள் இனி பிழைத்தாலும் கணக்குவழக்கு பார்க்க முடியாதாம் என்று உச்சுக்கொட்டினார். எல்லாம் புளுகு. அவளுடைய படங்கள் என் பிரிண்ட் கடை மெஷினில்தான் வெளியே வருகின்றன. கூடவே அவள் வாயிலிருந்து வசவுகளும் வருகின்றன. ஆகவே நடந்ததை நான் சொல்கிறேன்.

மாடி வீட்டில் கட்டடப் படம் வரைகிறாளே, அவள்தான். சட்டென்று சூடாகிவிடுவதால் தெருவே அவளை ஹீட்டர் என்கிறது. நேரில் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. புருஷன் பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் எப்படியோ, வீட்டுக்குள் அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை.

பதினான்கு வருஷம் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் உட்கார்ந்து வரைந்தாள். படம் இவளுடையது, கையெழுத்து அவருடையது. ஒருநாள் கட்டடக்காரர் ஒருவர் இவள் முன்னாலேயே, "சாருக்குத்தான் என்ன மூளை!" என்று புகழ, சார் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் இவள் வேலையை விட்டுவிட்டாள். பிறகு அதே கட்டடக்காரரிடம் போய், "அந்த மூளை இங்க இருக்கு" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டியிருக்கிறாள். அவர் நாற்பது வீட்டுக் குடியிருப்பு ஒன்றைக் கொடுத்தார். ஆட்கள் உள்ளே நடந்து பார்ப்பதுபோலப் படமாக்கி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தர வேண்டும். தவறினால் வேலை மறுபடி இன்ஜினியருக்கே போகும். அந்த மனிதர் முன்னால் போய் நிற்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது அவள் நினைப்பு.

இதற்குப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆறு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடுகிற கம்ப்யூட்டர். மூன்று வாரம் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள், ஒரு நோட்டு நிறைய எழுதினாள். பிராசசரைப் பற்றி ஊரே பேசுகிறது, அதைத் தாங்கி நிற்கிற மதர்போர்டைப் பற்றி ஒருவனும் பேசுவதில்லை என்று என்னிடம் வந்து கத்தினாள், நான் என்னமோ பேசவிடாமல் தடுத்தவன்போல. பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதிமேல் கனமான உலோகக் கட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி நின்றுவிடும். மெமரி செருக நாலு இடம் வேண்டும். கெட்டுப்போனால் பழுது பார்க்கிற இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படிக் கழித்துக் கழித்து ஒரே ஒரு போர்டை முடிவு செய்தாள்.

அக்கா புருஷன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். சொந்தத்தில் கடை இருக்கும்போது வெளியே வாங்கினால் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதனால் அங்கேயே போனாள்.

"இதப் பாரும்மா, ஏழு கலர்ல லைட் எரியும்" என்று மாமா வேறொரு போர்டைக் காட்டினார்.

"எனக்கு எதுக்கு மாமா லைட்டு? நான் படம் வரையப் போறேனா, டான்ஸ் ஆடப் போறேனா?"

"நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

"நான் மூணு வாரமா இருக்கேன். நோட்டுல எழுதினதையே போடுங்க."

முழு விலையையும் வாங்கிக்கொண்டு மாமா போட்டார். அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். அவள் கேட்ட போர்டின் காலி அட்டைப்பெட்டியையும் நம்பிக்கைக்காகக் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டுத் திருகின்மேல் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டி, "இத மட்டும் கிழிச்சிடாதம்மா. கிழிச்சா வாரண்டி போச்சு" என்றார். கடைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடினால் போர்டின் பெயர் தெரிந்துவிடும்தான். ஆனால் தேடுவதற்கு முதலில் சந்தேகம் வர வேண்டும். அக்கா புருஷன்மேல் எப்படி வரும்?

வியாழக்கிழமை நாற்பது வீட்டுப் படத்தையும் அதில் ஓடவிட்டாள். நாற்பதாவது நிமிஷம் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி ஓடவிட்டாள், மறுபடி அணைந்தது. மாமாவுக்குப் போன் போட்டாள்.

"உங்க வீட்டு கரண்ட் சரியில்லம்மா."

வெள்ளிக்கிழமை புருஷன் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து காட்டினார். கரண்ட் சரியாகத்தான் இருந்தது. மறுபடி போன்.

"ரூம்ல புழுக்கமா இருக்கும். ஃபேன் போடும்மா."

மேஜை ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இவள் வியர்வையில் நனைந்தாள். நாற்பத்தைந்தாவது நிமிஷம் அணைந்தது. மூன்றாவது போனை அக்கா எடுத்தாள்.

"சும்மா சும்மா அவரத் தொந்தரவு பண்ணாதடி. உனக்கு ஓட்டத் தெரியலேன்னா அவர் என்ன பண்ணுவாரு?"

அதுதான் தாங்கவில்லை. சனிக்கிழமை காலை, காய் நறுக்குகிற கத்தியை எடுத்தாள். புருஷன் எழுந்து நின்றுவிட்டார். அவள் ஸ்டிக்கரை மட்டும் நடுவில் கீறி, திருகைக் கழற்றி, பக்கத் தகட்டை உருவினாள்.

அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த படத்தையும் உள்ளே இருப்பதையும் பார்த்தாள். படத்தில் மெமரிக்கு நாலு இடம், உள்ளே இரண்டு. படத்தில் சாம்பல் நிற உலோகக் கட்டி இரண்டு. உள்ளே மொட்டையாக இருந்தது. பெட்டி ஒன்று, போர்டு வேறு. விலை மலிந்த, எதற்கும் லாயக்கில்லாத போர்டு.

அவள் அப்போது கத்தவே இல்லை என்று புருஷன் என்னிடம் சொன்னார். "அவ கத்தலேன்னதும்தாண்ணே நான் கத்திய எடுத்து ஒளிச்சு வச்சேன்."

கிழிந்த ஸ்டிக்கரோடு தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் காலிப் பெட்டியோடு தெருவில் இறங்கி நடந்தாள். கடை ஒரு மாடிப்படியின் உச்சியில் இருக்கிறது. உள்ளே மவுஸ் வாங்க வந்த ஒரு வாத்தியார் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"பெட்டியில இருந்த போர்டு எங்க மாமா?"

"ஸ்டாக் வரலம்மா. இதுவும் அதேதான், பேருதான் வேற. வாடிக்கையாளர் இருக்கார், குடும்ப விஷயத்த இங்க பேசாத."

அவள் கண் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போனது. கல்லா மேஜையில் அவர் தனக்காக வைத்திருந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பக்கம். உள்ளே நாலு மெமரி இடம், சாம்பல் நிற உலோகக் கட்டி இரண்டு. இவள் மூன்று வாரம் தேடிய போர்டு, மாமா பாட்டுக் கேட்கிற கம்ப்யூட்டரில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"ஸ்டாக் வரலையா?"

"அது... உனக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய போர்டு? வீட்ல உட்கார்ந்து நாலு கோடு போடுறதுக்கு..."

நாலு கோடு! பதினான்கு வருஷம் இன்ஜினியர்கூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. அவள் மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள். விளையாடுகிறாள் என்று மாமா முதலில் சிரித்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக விடுவித்து ஒன்பது திருகையும் கழற்றியபோது சிரிப்பு நின்றது.

"இந்தாங்க உங்க மெமரி. இந்தாங்க உங்க பிராசசர். அடுத்தவங்க பொருள் எனக்கு வேணாம்" என்று ஒவ்வொன்றாகக் கல்லாமேல் வைத்தாள்.

பிராசசரை எடுத்துவிட்டால் போர்டு நடுவில் முடியைவிட மெல்லிய ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் திறந்து கிடக்கும். ஒரு விரல் பட்டு நாலு ஊசி வளைந்தால் போர்டு குப்பைக்குத்தான். அவள் இடது கையில் அந்தப் போர்டு, வலது கையில் தகடு. மாமா கோபத்தில் விரலை விரித்துக்கொண்டு போர்டைப் பிடுங்கப் பாய்ந்தார். வாத்தியார் மவுஸை விட்டுவிட்டுப் படியில் ஓடினார். பாதிப் படியில் 'டமார்' என்று சத்தமும், மாமா "அம்மா!" என்று அலறியதும் கேட்டிருக்கிறது. கீழே இறங்கியவர் நேராகப் போனது முடிவெட்டுகிற கடைக்கு. மூன்று தையல் அங்கே பிறந்ததுதான்.

அவள் வீட்டுக்குப் போய், மலிவுப் போர்டைக் கழற்றிவிட்டுத் தன் போர்டைத் தானே பொருத்தினாள். முதல் தடவை ஆன் ஆகவில்லை. மெமரி சரியாக அழுந்தவில்லை. இரண்டாவது தடவை ஆனது. நடுவில் அக்கா போன் செய்தாள்.

"என் புருஷன இப்படிப் பண்ணிட்டியேடி!"

"உன் புருஷன் என் போர்ட என்ன பண்ணினாருன்னு முதல்ல கேளு. கேட்டுட்டு நீயும் ஒண்ணு போடு."

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி நேரம் அந்தக் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. மேஜை ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என் கடையில் பெரிய தாளில் முகப்புப் படத்தை எடுத்தாள். அடியில் அவள் பெயர், அவள் கையெழுத்து. பத்துக்குக் கொடுத்துவிட்டாள். கட்டடக்காரர் அடுத்த அறுபது வீட்டையும் அவளிடமே தந்திருக்கிறார்.

தாளைச் சுருட்டிக் கொடுக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "மதர்போர்டாலயே மண்டைய உடைச்சிட்டதா பேசிக்கிறாங்களேம்மா?"

கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்த்தாள்.

"மதர்போர்டால அடிக்க எனக்கென்ன பைத்தியமாண்ணே? எவ்வளவு நல்ல போர்டு அது! தகட்டாலதான் அடிச்சேன். மண்டையில இல்ல, மணிக்கட்டுல. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."