லேப்டாப்பில் இரண்டே போர்ட்

புது லேப்டாப்பில் மொத்தம் இரண்டே போர்ட். சின்னது சார்ஜருக்கு, அகலமானது மற்ற எல்லாவற்றுக்கும். விலை ஏற ஏற ஓட்டை குறைகிறது, என்ன நியாயமோ.

அந்த அகலப் போர்ட்டில் என் ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியிருக்கும். எட்டு மாதமாக நான் மொழிபெயர்த்த நாவல் அதில்தான் இருந்தது. வேறு நகல் இல்லை. திட்டாதீர்கள், எனக்கே தெரியும்.

ஒரு மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் என் கணவர் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே தன் போன் ஒயரைச் செருகிச் சார்ஜ் போட்டிருந்தார். ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கக் கூடாதென்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எழுந்ததும் போனைக் கழற்றிவிட்டு, தொங்கிய அதே ஒயரில் டிஸ்க்கை மாட்டினேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது. டிஸ்க்கில் விளக்கும் எரிந்தது. லேப்டாப் மட்டும் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. அணைத்தேன், போட்டேன், ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

“இந்த வீட்ல நீங்க கை வெச்சது எதாவது உருப்பட்டிருக்கா?” என்று கத்தினேன். முப்பது வருடக் கோபத்தையும் சேர்த்துத்தான்.

மறுநாள் டிஸ்க்கையும் ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு, மந்தைவெளியிலிருந்து தி.நகர் வரை பஸ்ஸில் நின்றபடியே போனேன். எட்டு மாத வேலையை மறுபடி உட்கார்ந்து செய்ய என்னிடம் தெம்பில்லை. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. ரிப்பேர் கடை இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

கடைக்காரர் தன் கேபிளில் டிஸ்க்கை மாட்டினார். நாவல் முழுக்க அப்படியே இருந்தது. பிறகு என் ஒயரை எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

“டிஸ்க் நல்லாத்தான் கீதும்மா. இது சார்ஜ் மட்டும் ஏத்துற ஒயரு, டேட்டா போவாது. டிஸ்க்கோட வந்த கேபிள் இன்னா ஆச்சு?”

அது வீட்டு மேசையிலேயே, என் கணவர் சுருட்டி வைத்த இடத்தில் கிடந்தது. நான்தான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அவரிடம் சொன்னேன்: “தப்பு என்னோடதுதான். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல.”

“நல்லதாப் போச்சு” என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மாடித் தொட்டி காலி. தினமும் மோட்டார் போடுவது அவர் வேலை, நான் அந்த ஸ்விட்ச் பக்கமே போனதில்லை.

அவர் எழுந்து போய் ஸ்விட்ச்சுக்கு முன்னால் நின்றார். கையை நீட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“நான் போடலாமா?”