இடுப்புக்கு ஒரு ஜன்னல்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு புத்தம்புது ஷூவை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தேன்.

பதறாதீர்கள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வியட்நாமில், சைகோனை ஒட்டிய பின் யுவோங் மாகாணத்தில் ஒரு ஷூ ஃபேக்டரி, அதில் சாம்பிள் ரூம், அதில் நான். புது மாடல் எது வந்தாலும் அறுத்து, உள்ளே எத்தனை அடுக்கு, எது எவ்வளவு தடிமன் என்று பார்ப்போம். அன்று வந்தது நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்களுக்கான ஷூ. குதிகாலுக்கு அடியில் மூன்று அடுக்கு. கீழே கெட்டி. நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற நுரை. மேலே, காலைத் தொடுகிற இடத்தில், மெத்தென்று மெல்லிய ஒரு ஷீட்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

ஒரு குதிகாலுக்கே மூன்று அடுக்கு! அங்கே சைகோனில் எங்கள் ஃபிளாட்டில் ஒருத்தி முழு உடம்பையும் பலகை மாதிரி ஒற்றை மெத்தையில் வைத்துக்கொண்டு பதினைந்து நாளாகத் தூங்காமல் இருக்கிறாளே... இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மேகலாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: என் மனைவி. டிஸ்ட்ரிக்ட் 1-ல் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை. இப்போது ஏழாவது மாதம். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும், இடது பக்கமாக இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்வது சுலபம். எங்கள் ஃபிளாட்டோடு வந்த மெத்தை பஞ்சை இறுக்கி அழுத்திச் செய்தது. மூன்றாக மடிக்கலாம். மேலே நின்று சீலிங் ஃபேன் துடைக்கலாம். இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் சுகம் என்பார்கள் இங்கே. ஆனால் ஏழு மாத வயிற்றோடு இடது இடுப்பெலும்பை அதில் ஊன்றிப் படுத்தால்? அரை மணி நேரத்தில் வலி எழுப்பிவிடும். அப்புறம் சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்வாள். அதற்குப் பெயர் தூக்கமா?

விஷயம் தூக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. குடியாத்தத்தில் அத்தை இருக்கிறார். மேகலாவின் அம்மா. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது அவர் கட்சி. இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், டாக்டர் பழகிவிட்டார், இவரும் பக்கத்தில் இருப்பார் என்பது மேகலாவின் கட்சி. நான் மேகலாவின் கட்சியில் உறுப்பினர். ஃபேக்டரி எனக்குப் பிரசவத்துக்குத் தருகிற லீவு ஒரு வாரம்... அவள் ஊருக்குப் போய்விட்டால் குழந்தையின் முதல் அழுகையை நான் வாட்ஸ்அப்பில்தான் கேட்பேன்.

ஷூவை அறுத்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மேகலா தொட்டால் அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

“முடியலங்க. தூங்க முடிஞ்சா இருக்கேன். இல்லன்னா போயிடறேன். ஞாயித்துக்கெழம அம்மா போன் பண்ணும்... அதுக்குள்ள சொல்லணும். இன்னும் கொஞ்ச நாள் போனா பிளேன்லயும் ஏத்த மாட்டான்.”

ஆக, எனக்கு இருந்தது ஐந்து நாள். கையில் இருந்தது அறுபட்ட ஒரு ஷூ.

செவ்வாய் மாலையே டாப்பர் வாங்கினேன். டாப்பர் என்றால் மெத்தைக்கு மேல் விரிக்கிற குட்டி மெத்தை. இரண்டு அங்குல மெத்து நுரை. சுருட்டிக் கயிறு கட்டி மோட்டார் பைக்கின் பின்னால் வைத்துக் கிளம்பினால், பாதி வழியில் மழை. சைகோன் மழை தெரியுமல்லவா, ‘வரட்டுமா’ என்று கேட்காது. நுரை நனைந்தால் காய நான்கு நாள் ஆகும். என் ரெயின்கோட்டைக் கழற்றி டாப்பருக்குப் போட்டுவிட்டேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் என்னையும் பார்த்தார், கோட்டு போட்டுக்கொண்ட சுருளையும் பார்த்தார். அவர் பைக்கில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்ததால் எதுவும் சொல்லவில்லை.

புதன் காலை ரிசல்ட் கேட்டேன்.

“மொதல்ல நல்லாத்தான் இருந்திச்சி. அப்பறம் எலும்பு நேரா அடியில போயி டக்குனு உக்காந்துகிச்சி.”

புரிந்தது. நுரை அழுந்தி அப்பளமாகி, இடுப்பு மறுபடி பலகையைத் தொட்டிருக்கிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும்? உங்களைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். நான் அதே டாப்பரில் இன்னும் இரண்டு வாங்கி வந்தேன்.

மொத்தம் ஆறு அங்குலம். ஹார்ட்னஸ் மீட்டரை — பாக்கெட் கடிகாரம் மாதிரி இருக்கும், நுரையில் அழுத்தினால் முள் நகர்ந்து கெட்டித்தனம் சொல்லும் — வீட்டுக்கே கொண்டுவந்து அளந்தேன். பிறகு நானே படுத்துப் பார்த்தேன், மல்லாந்து. ஆஹா... மேகம்! சோதனைக்காகப் படுத்தவன் இருபது நிமிடம் தூங்கிவிட்டேன்.

“சூப்பர்! ஓகே!” என்று எழுந்தேன்.

வியாழன் காலை “ஏங்க... ஏங்க...” என்று ஒரு குரல். திரும்பினால் மேகலா பள்ளத்துக்குள் கிடந்தாள். இடுப்பு, வயிறு எல்லாம் நடுவில் இறங்கி, கையும் காலும் மட்டும் கரையில். புரள முடியவில்லை. எழ முடியவில்லை. பாத்ரூம் அவசரம் வேறு. இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். கட்டில் இப்போது அத்தனை உயரம் ஏறியிருந்ததால் அவள் கால் தரைக்கு எட்டவில்லை. எட்டாத காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, மெத்தையா சேறா? எரும மாடுகூட தானா எழுந்து வந்துடும்!”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கு அவள் படுக்கை மறுபடி சோஃபாவுக்கு மாறியது. வெள்ளி காலை டீப்பாய் மேல் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. எடுத்து வைத்தது ஏன் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“படுத்துப் பாத்து ஓகே சொன்னது யாரு?”

“நான்தான்.”

“படுக்கப் போறது யாரு?”

நான் ஏன் முதலில் படுத்துப் பார்த்தேன்? காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தொழிலில் எந்த ஷூவாக இருந்தாலும் முதல் சாம்பிளை ஒரே ஒரு சைஸில்தான் செய்வோம். ஆண்கள் ஷூ என்றால் நாற்பத்திரண்டு. அந்த சைஸ் கால் உள்ளவர் போட்டு நடந்து பார்த்து ‘ஓகே’ சொல்ல வேண்டும். எங்கள் சாம்பிள் ரூமில் சரியாக நாற்பத்திரண்டு சைஸ் கால் யாருடையது? என்னுடையது. மூன்று வருடமாக எதைச் செய்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள், நானும் நான்கு எட்டு நடந்துவிட்டு ‘ஓகே’ என்பேன். பழகிவிட்டது. எனக்குச் சரியென்றால் உலகத்துக்கே சரி... அப்படியே கட்டிலிலும் ஏறிப் படுத்துவிட்டேன். எண்பது கிலோ, மல்லாந்து, காலியான வயிற்றோடு!

அன்று மாலை ஷூவுக்குச் செய்வதைப் போலவே முறைப்படி ஃபிட் ட்ரையல் வைத்தோம். மூன்று டாப்பரையும் தூக்கிச் சுவரோரம் போட்டேன். பழைய பலகை மெத்தை மேல் பெரிய பிரவுன் பேப்பர் விரித்தேன். லெதரில் கோடு போடுகிற சில்வர் பேனா கையில். மேகலா இடது பக்கமாகப் படுத்தாள்.

“எங்க வலிக்குது?”

“இங்க.”

“இடுப்பு முழுக்கவா?”

“இல்லங்க, இந்த எலும்பு முனை மட்டும். ஒரு இட்லித் தட்டு அகலம் இருக்கும். அப்பறம் தோள்பட்ட... அது கொஞ்சம்தான்.”

“முதுகு?”

“முதுகுக்கு ஒண்ணும் வேணாம். அங்க கெட்டியா இருந்தாத்தான் பிடிச்சி எழுந்திருக்க முடியும்.”

அவளைச் சுற்றிக் கோடு போட்டேன். இடுப்பில் ஒரு வட்டம், தோளில் ஒரு சின்ன வட்டம். எழுந்து நின்று பேப்பரைப் பார்த்தோம். ஆளுயரச் சித்திரத்தில் வலி இருந்த இடம் இரண்டே இரண்டு தட்டு. இதற்காகவா கட்டில் முழுக்க ஆறு அங்குலச் சேற்றைக் கொட்டினேன்?

மேகலா அந்த வட்டத்தில் கால் விரலை வைத்தாள். “இந்த எடத்துல மட்டும் ஒரு ஜன்னல் வெச்சிக் குடுங்க. போதும்.”

ஜன்னல்! குதிகாலில் ஒரு புள்ளியில் மட்டும் வலி உள்ளவர்களுக்கு, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கிற இன்சோலில் நாங்கள் தினமும் செய்வது அதுதானே? அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மெத்து நுரையை வைப்போம். மூன்று வருடமாக ஊராரின் குதிகாலுக்குச் செய்கிறேன்...

சனிக்கிழமை சாம்பிள் ரூமில் கட்டிங் டேபிளில் வேலை பார்க்கிற சி லானிடம் போனேன். ‘சி’ என்றால் அக்கா. என்னை ‘எம்’ என்பார், தம்பி. என் வியட்நாமீஸ் பாதி, அவர் இங்கிலீஷ் பாதி, மீதி கை ஜாடை. அப்படித்தான் பேசிக்கொள்வோம். பேப்பரையும், லீடரிடம் கேட்டு வாங்கிய கழிவுக் கெட்டி நுரை ஷீட்டையும் விரித்தேன்.

சுற்றி வந்து பார்த்தார். “எம், இது நாய்க்கா?”

“இல்லை சி, மனைவிக்கு.”

“ச்சோய் ஓய், கடவுளே! நான் கேட்டதையும் நீ சொன்னதையும் இதே வரிசையில் வீட்டில் சொல்லிவிடாதே.”

பக்கத்து டேபிள் பெண்கள் மொத்தமும் சிரித்தார்கள். வயிற்றை வைத்துப் பெண்ணா ஆணா என்று பந்தயம் வேறு கட்டினார்கள், வெறும் சில்வர் கோட்டைப் பார்த்து! சி லான் மட்டும் சிரித்துக்கொண்டே கத்தியைச் சாய்த்துப் பிடித்தார். ஜன்னலின் ஓரத்தை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டினார். “நேராக வெட்டினால் ஓரம் இடிக்கும். ஷூவில் செய்வாய், வீட்டில் மறந்துவிடுவாய்.” உண்மைதான், மறந்திருப்பேன்.

மாலை அடுக்கினேன். கீழே அதே பலகை மெத்தை. அதன் மேல் ஜன்னல் வைத்த கெட்டி நுரை. இடுப்பு ஜன்னலிலும் தோள் ஜன்னலிலும் மெத்து டாப்பரிலிருந்து வெட்டிய துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அங்குலம் லேடெக்ஸ், ரப்பர் விளைகிற ஊரில் அதற்கா பஞ்சம்? மொத்த உயரம் மூன்று அங்குலம் ஏறியது. மேகலா உட்கார்ந்தாள். கால் தரையில் பட்டது. ஒருக்களித்துப் படுத்தாள். தானே எழுந்தாள். மறுபடி படுத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டாள்.

நான் ‘ஓகே’ சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அவள் போன் அதிர்ந்தது. அத்தை. திரும்பிப் பார்த்தேன். மேகலா இடது பக்கம். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சோஃபாவில் யாரும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன்.

“அத்தை, அவ தூங்கறா.”

“தூங்கறாளா? படுத்துகினா, உக்காந்துகினா?”

“படுத்துதான்.”

“எழுப்பாதீங்க மாப்ள,” என்றார் அத்தை. குரல் சட்டென்று தாழ்ந்துவிட்டது, குடியாத்தத்தில் பேசினால் இங்கே அவள் விழித்துக்கொள்வாளோ என்பதுபோல. டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒன்பது மணிக்கு எழுந்தாள். தோள்பட்டை இன்னும் கொஞ்சம் உறுத்துகிறதாம். அந்த ஜன்னலை இரண்டு விரல் மேலே தள்ள வேண்டும். குறித்துக்கொண்டேன். பிறகு டீப்பாயிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

“நான் வர்லம்மா. நீ கெளம்பி இங்க வா.”

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. வலிக்கிறது என்று யாராவது சொன்னதும் நாம் கையில் கிடைத்த மெத்தையை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறோம். மாத்திரை, அறிவுரை, யூடியூப் லிங்க்... எங்கே வலிக்கிறது என்று கேட்க மட்டும் நேரம் இருப்பதில்லை. கேட்டால் பல சமயம் இரண்டு தட்டு அளவுதான் இருக்கும்.

சரி, அத்தை அடுத்த மாதம் வருகிறார். மூன்று மாதம் தங்குவார். அவருக்கு ஒரு படுக்கை வேண்டும். “எனக்கு இன்னாத்துக்கு மெத்த? ஒரு பாய் போதும்” என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். பழைய நானாக இருந்தால் இந்நேரம் ஒரு பாயை விரித்து, நானே படுத்துப் பார்த்து, ஓகே சொல்லியிருப்பேன். நேற்று பிரவுன் பேப்பரையும் சில்வர் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு அவரைப் போனில் கூப்பிட்டேன்.

“அத்தை, படுத்தா உங்களுக்கு எங்க வலிக்கும்?”

நாற்பது நிமிடம் சொன்னார். பேனா தீர்ந்துவிட்டது.