கபிரியேலின் மங்கல் விளக்கு

காலை பதினொன்றரைக்குக் கோட்டாறிலிருந்து போன் வந்தது. "மக்களே, நான் வைகுண்டராஜன் பேசுகேன்" என்றார் அந்தப் பக்கத்தில். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். தன் கடைக்கு அப்பா வந்து உட்கார்ந்ததாகவும், திடீரென்று வியர்த்ததாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் கேட்டது, "எங்க வச்சு?" என்று மட்டும்தான். வைகுண்டராஜன் கடையில் என்றேன்.

அப்பா கபிரியேல் முதலில் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். காதில் சீழ் வைத்து, இனிக் கடல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கரையில் மீனை ஏலத்தில் எடுத்து வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். கொட்டாரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டரை வாங்கி, பின்னால் மீன்பெட்டி கட்டினார். விடியும் முன்பே கிளம்பிவிடுவார்.

அவருக்கு அதுவும் ஒரு வள்ளம்தான். வருடந்தோறும் கோயில் திருவிழாவுக்கு முன் கரையில் எல்லோரும் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். சித்தப்பாவின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை அப்பா ஸ்கூட்டருக்கு அடிப்பார். மேலாக அடிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உப்புக்காற்று நட்டுக்கு அடியில்தான் நுழையும் என்று ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, உள்ளே தெரியும் வெறும் இரும்பிலும் பூசிக் காயவைத்து, மறுபடி முறுக்குவார். திருவிழாவன்று ஹேண்டில்பாரில் மாலை போட்டுக் கோயில் முன் நிறுத்துவார். பங்குச் சாமியார் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. அந்த வண்டியில் எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத்தான் விளக்கு எரியும். ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூட வேண்டும். கூடவில்லை. பல்பை மாற்றினார், ஒயரை மாற்றினார். பிறகு, பழைய வண்டிகளுக்குக் கரண்ட் தரும் காயிலைக் கட்டும் வைகுண்டராஜனிடம் போனார். இருவரும் நெடுநாள் கூட்டுக்காரர்கள், அப்படியொரு சிநேகம். நல்ல வாவல் மீன் கிடைத்தால் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகும். அவர் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்தும் மங்கல் போகவில்லை. திரும்பக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்து, காயிலில் குறை இல்லை என்றார்.

ஒரு நாள் விடியற்காலை, கீரைக்கட்டோடு ரோட்டைக் கடந்த ஒரு பெண் கிட்டே வரும்வரை அப்பாவின் கண்ணில் படவில்லை. பிரேக் பிடித்து விழுந்தார். மீன் ரோடெல்லாம் சிதறியது. சந்தையில் ஒருவன், "கபிரியேலண்ணே, நாளைக்கு ஒரு மெழுகுதிரி பத்த வச்சுட்டு வாரும்" என்றானாம். சந்தையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா கோட்டாறு கடையில் போய் நின்றார்.

"எரிஞ்ச கம்பியச் சுத்தித் தந்துட்டு புதுசுன்னு சொல்லுகியாலே, கள்ளப்பயலே?"

கடை நிறைய ஆள். வைகுண்டராஜன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்க காயில் நல்லாத்தான் இருக்கு கபிரியேலே" என்றார். அப்பா அதோடு விடாமல், மறுநாள் ஏலம் நடக்கும் இடத்திலும் அவரைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். ஹெட்லைட் கூட்டில் மாட்டியிருந்த ஒரு துண்டு ஒயரின் மறுமுனை எஞ்சினில் பட்டது. எதிர்வீட்டுச் சுவர் பளிச்சென்று வெளுத்தது. ஒயரை எடுத்தார், மங்கியது. வைத்தார், வெளுத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு எர்த் ஒயர் மாட்டிய போல்ட்டைக் கழற்றினார். இரும்பில் படவேண்டிய ஒயர், வருடக்கணக்கில் பூசிய நீலப் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கரண்ட் திரும்பிப் போகும் வழியை அவரே பூசி அடைத்திருக்கிறார். வாசலில் நின்ற எங்களை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. போல்ட்டைப் பழையபடியே முறுக்கினார்.

பெயிண்டைச் சுரண்டிவிட்டால் தீர்ந்ததே என்று அம்மா கேட்டதற்கு, "லைட்டு நல்லா எரிஞ்சா, என்ன கொறைன்னு ஊரு கேக்கும். நான் என்னத்தச் சொல்லட்டு?" என்றார்.

அந்த மங்கலிலேயே இரண்டு வருடம் வண்டி ஓட்டினார். கோட்டாறு பக்கம் போகவில்லை. வருடம் தவறாமல் போகும் சவேரியார் திருவிழாவுக்குக்கூட, அந்தக் கடையைத் தாண்ட வேண்டும் என்பதால் போகவில்லை.

அடக்கத்துக்கு வைகுண்டராஜன் வந்தார். அம்மா வேளாங்கண்ணியிடம், எல்லோர் முன்னிலும் சொன்னார்: "வாவல் கொண்டாந்து மேசைல வச்சான், வேளாங்கண்ணி. உட்காருலேன்னேன். லைட்டு இப்ப எரியுதான்னு கேட்டேன். இல்ல மக்கா, அது... ன்னான். அதுக்கு மேல பேச்சு வரல்ல." பிறகு, "எனக்க காயிலுலதான் கொறை இருந்திருக்கும். மாத்திக் கட்டிக் குடுத்திருக்கணும். வீம்புல இருந்துட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். அவருக்கும் எங்களுக்கும் நடுவில், பெட்டியில் அப்பாவின் முகம் இருந்தது. சுற்றிலும் ஏலக்காரர்களும் ஊர்ப் பெண்களும். வைகுண்டராஜன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஏழாம் நாள் பூசைக்குப் புதுக் காயில் கட்டிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனார். குனிய வேண்டிய தலைகள் எங்களுடையவை.

கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு அம்மா சொன்னாள்: "ஏட்டி ஜின்சி, அவரு காயில் கட்டுகதுக்கு முன்ன நீ போய்ச் சொல்லிரு. எனக்கு அவரு மொகத்தப் பாக்க நாணமா இருக்கு." இதுவரை நான் போகவில்லை.

சித்தப்பா கோட்டாறிலிருந்து ஸ்கூட்டரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டிருக்கிறார். இறந்த அன்று காலை, கிளம்பும் முன் அப்பா பிளேடும் கையுமாக அதன் பக்கத்தில் குந்தியிருந்ததையும், டீ ஆறுகிறது என்று தான் கூப்பிட, பாதியில் எழுந்து வந்ததையும் அம்மா இப்போதுதான் சொன்னாள். எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். மேல்பூச்சில் மட்டும் பிளேடு கீறிய தடம் இருக்கிறது. இரும்பு இன்னும் தெரியவில்லை.