குரோம் தொட்டிப் பக்கம் மாட்டிய தாள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தபோது வசந்தாவுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற வேண்டியவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவர். பி.எஸ்ஸி. முடித்த கையோடு கிடைத்த வேலையை அவள் விடுவதாக இல்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் திரவம் எடுத்துச் சோதித்து, அமிலம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. சைக்கிள் ஹேண்டில்பார்களும் ஸ்கூட்டர் உதிரிகளும் கடைசியாக முங்கி எழுவது குரோம் தொட்டியில். கரண்ட் பாய்ந்தால் அந்தத் தொட்டி நுரைத்து, மேலே மஞ்சளாக ஒரு ஆவி மிதக்கும். பக்கத்துச் சுவரெல்லாம் துருநிறம் ஏறிக் கிடக்கும்.

அந்தத் தொட்டியருகே நின்று வேலை பார்த்தவர் கஜபதி. வெள்ளானூர்க்காரர். குடும்ப நிலத்தில் பாதி மனைகளாகிப் போன பிறகு தொழிற்பேட்டைக்கு வந்தவர். வசந்தாவை அவர் 'கெமிஸ்ட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவள் மாதிரி எடுக்க வந்தால் கரண்டை நிறுத்திவிட்டு, "தள்ளி நின்னு எடும்மா, துணியில பட்டா ஓட்டை உழும்" என்பார்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு சட்டம் மாறியிருந்தது. எந்த ரசாயனம் உடம்பை என்ன செய்யும் என்று தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் எழுதி மாட்ட வேண்டும். எண்பத்தெட்டில் முதலாளி ராஜசேகரன் அந்த வேலையை வசந்தாவிடம் கொடுத்தார். அவள் தான் படித்த கல்லூரி நூலகத்துக்கு இரண்டு சனிக்கிழமை போய்க் குறிப்பெடுத்து, நான்கு பக்கம் எழுதினாள். குரோமிக் அமில ஆவி நாளாக ஆக மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரைத் துளைத்துவிடும், கையில் ஆறாத குழிப்புண் வரும், பல வருஷம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்று எல்லாமே அதில் இருந்தது.

ராஜசேகரன் பொறுமையாகப் படித்தார். "இதை மாட்டினா நாளைக்கு எவனும் வேலைக்கு வரமாட்டான்மா. ஒரே பக்கத்துல எழுது. பயமுறுத்தாம எழுது" என்றார்.

அன்று சாயங்காலமே அவள் மாற்றி எழுதினாள். 'தும்மல், மூக்கெரிச்சல் வரலாம். கைகளைக் கழுவவும். கையுறை அணியவும்.' கீழே கையெழுத்துப் போட்டாள். மாட்டும்போது கஜபதி வந்து நின்றார்.

"இன்னாம்மா எழுதிகீது? படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினாள்.

"தும்மல்தானா? அது வர்ற அன்னிலேர்ந்து கீது" என்று சிரித்துவிட்டுப் போனார். வசந்தா சோதனை அறைக்குத் திரும்பி, ஏற்கெனவே கழுவிய குடுவைகளை மறுபடி கழுவினாள்.

நான்கு வருஷம் போயிற்று. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் கூடிச் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கஜபதி மெல்லிய நூல் ஒன்றை ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டு மறு துவாரத்தின் வழியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா மாமே, ஊசியே தேவயில்ல" என்றார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் பால்ராஜ். கஜபதியின் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவன் விரல் கணுக்களில் குண்டூசித் தலை அளவுக்குப் பள்ளம் பள்ளமாகப் புண்.

வசந்தா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, தூக்கிப்போடாமல் வைத்திருந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வெள்ளானூருக்கு பஸ் ஏறினாள்.

வீட்டுத் திண்ணையில் கஜபதியும், அக்கா வீட்டிலேயே தங்கியிருந்த பால்ராஜும் உட்கார்ந்து கேட்டார்கள். அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். முடிந்த பிறகு, "இது எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்" என்றாள்.

கஜபதி பால்ராஜின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பவே சொல்லிருந்தா நான் வேலைய உட்டிருப்பேனான்னா, உட்டிருக்க மாட்டேன். எனக்கு வேற இன்னா தெரியும்? ஆனா இவனக் கூட்டினு வந்திருக்க மாட்டேன். 'வெறும் தும்மல்தாண்டா, கெமிஸ்ட்டம்மாவே எழுதிகீது'ன்னு சொல்லித்தான் இட்டுகினு வந்தேன்."

பஞ்சவர்ணம் காப்பி கொண்டு வந்திருந்தாள். அதை வைக்காமலே திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை வசந்தா பழைய தாளைக் கிழித்துவிட்டு நான்கு பக்கத்தையும் மாட்டினாள். மதியத்துக்குள் ராஜசேகரன் அதை எடுத்துவிட்டார். அவள் அதன் நகலைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பினாள். முதல் தாளை எழுதியதும் தானேதான் என்று சேர்த்தே எழுதினாள். ஆய்வாளர் வந்தார். டாக்டர் ஒருவர் எல்லோருடைய மூக்கிலும் விளக்கடித்துப் பார்த்தார். கஜபதியோடு சேர்த்து நான்கு பேருக்குத் துளை. தொட்டி விளிம்பில் ஆவியை உறிஞ்சும் குழாய் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று ஆயிற்று. கஜபதியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பால்ராஜ் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரவே இல்லை. கரையான்சாவடியில் பஞ்சர் கடையில் சேர்ந்துவிட்டான். வசந்தாவுக்கு வேலை போயிற்று.

நல்ல காரியம் செய்தாய் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் அவள் பேச்சை மாற்றுவாள். நான்கு வருஷம் தினமும் அந்தத் தாளைக் கடந்துதான் அவள் குரோம் தொட்டிக்குப் போயிருந்தாள்.

பிறகு வேப்பம்பட்டில் ஒரு பள்ளியில் லேப் உதவியாளர் ஆனாள். தொண்ணூற்றாறில் ஒரு காலை, ஆவடி ஸ்டேஷனில் கஜபதி எதிரே வந்தார். அவளாகத்தான் கிட்டே போனாள்.

"பால்ராஜ் எப்படி இருக்கான் அண்ணே?"

"கை ஆறிடுச்சு. மூக்கும் நல்லாகீதுன்னு டாக்டர் சொன்னாரு."

அவளுக்குச் சட்டென்று மனசு லேசாயிற்று. அப்படி ஆனதற்கே கூசிப்போனாள்.

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னா, மூச்சு உட்டா விசிலடிக்குது" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வண்டி வந்தது. "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, கூட்டம் குறைவாக இருந்த பெட்டியை அவளுக்குக் கைகாட்டிவிட்டு, அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டார்.