லாவ்ரெனின் மூலைக்காசு

"இன்னைக்கும் ஆணிதான்."

அப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் என் சமையலறை வாசலில் சேற்றுக்காலோடு நின்று லாவ்ரென் மாமா சொல்வது இதைத்தான். "பூட்ஸக் கழட்டிட்டு அப்புறம் புலம்புங்க" என்பேன் நான்.

அவருக்கு எழுபது வயது. தோளில் மெட்டல் டிடெக்டர். இரும்பு என்றால் அது உறுமும், வெள்ளி என்றால் கீச்சென்று கத்தும். எங்கள் ஊரை ஒட்டிய காட்டில்தான் அவர் பிறந்த வெர்பாவா என்ற ஊர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், போர் நடந்தபோது, ஜெர்மன்காரர்கள் அதை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். ஐந்து வயது லாவ்ரென் அன்று எங்கள் ஊரில் அத்தை வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அம்மாவும் தங்கச்சியும் வீட்டோடு போனார்கள். போருக்குப் போன அப்பாவும் திரும்பவில்லை. அத்தை சாகும்வரை அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லியிருந்தாள்: வீடு கட்டும்போது, சாமிப்படம் வைக்கிற மூலையில், சுவரின் முதல் மரக்கட்டைக்கு அடியில் அப்பா ஒரு வெள்ளிக்காசு வைத்தார். ஓரத்தில் கோடரியால் வெட்டுப் போட்ட காசு.

மூலையில் காசு வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் வீடு எழுப்ப மாட்டார்கள். மரம் எரிந்துபோகும், காசு கிடக்கும். அது கிடைத்தால் வீடு இருந்த இடம் தெரியும். ஈஸ்டர் முடிந்து, செத்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாளில், அங்கே சிவப்புச் சாயம் போட்ட ஒரு முட்டை வைக்கலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். வேறு வீட்டுக் காசு கிடைத்தால் அங்கேயே புதைத்துவிடுவார்.

ஒரு இலையுதிர்காலத்தில் தலைநகர் மின்ஸ்க்கிலிருந்து காரில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடமும் கருவி. தன்னைப் போலவே தேடுகிறவர்கள் என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். நான் சுட்ட உருளைக்கிழங்கு அடையை அவர்களுக்குப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார்.

"சும்மா சுத்தாதீங்கப்பா. மூலையத் தேடுங்க. வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். வெட்டுப்பட்டது கிடைச்சா மட்டும் எடுக்காம என்னைக் கூப்பிடுங்க."

"கண்டிப்பா தாத்தா" என்றவன் இன்னொரு அடையை எடுத்துக்கொண்டான்.

அவர்கள் போனதும் கேட்டேன்: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உங்களுக்கு?"

"அவனுங்க வீட்டுலயும் மூலை இருக்கும்ல ஹான்னா. தெரியாதா அவனுங்களுக்கு?"

பனி விழும் முன்பே மாமா நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் படுத்தார். திரும்பி வந்து காட்டுக்குள் போனால் குழி. எங்கு பார்த்தாலும் குழி, பன்றி கிளறின மாதிரி. மூடக்கூட இல்லை.

வசந்தத்தில் நகரச் சந்தையில், பழைய சாமான் விற்பவனின் தட்டில் அதைப் பார்த்தேன். வெள்ளிக்காசு, ஓரத்தில் வெட்டு.

"எங்க எடுத்தது?"

"ஏதோ காட்டுலயாம்மா. கொண்டாந்து வித்தானுங்க. எந்தக் குழின்னு அவனுங்களுக்கே ஞாபகம் இருக்கோ என்னமோ. வெட்டுப்பட்டதுதானே, குறைச்சுத் தர்றேன்."

வாங்கி வந்து மாமா கையில் வைத்தேன். கட்டைவிரலால் அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"காச வச்சு நான் என்ன பண்ண ஹான்னா? இடத்தையில்ல தேடினேன்."

அதற்குப் பிறகு கருவியைத் தொடவில்லை. என் வாசல் இப்போது சேறில்லாமல் இருக்கிறது. முட்டை வைக்கிற நாளில் குழிகளுக்கு நடுவே போய் நிற்கிறார், முட்டையோடு திரும்பி வருகிறார். உரித்துத் தின்பதும் இல்லை.

இந்தப் பக்கம் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். பச்சை வேலி போட்ட வீடு, நாய் கடிக்காது. தோண்டினவர்கள் இதைப் படித்தால் அவர்களும் வரட்டும். நான் திட்டுவேன், அடையும் போடுவேன். எந்தக் குழி என்று மட்டும் அவருக்குக் காட்டிவிட்டுப் போகட்டும்.