சீர்வரிசையில் மூன்று ஸ்டார்

ஃப்ரிட்ஜ் வாங்கப் போன இடத்தில் கல்யாணம் நின்றுபோய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்க இருந்தேன். மயிரிழையில் தப்பியது.

கல்யாணம் என் அக்கா மகள் யமுனாவுக்கு. அக்கா சரசு பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். கொஞ்சம் நெல் வயல், ஒரே பெண். அத்தானுக்கு வயலை விட்டால் வேறு உலகம் கிடையாது. அதனால் கல்யாண வேலை எதுவானாலும் திருவள்ளூரிலிருந்து என்னைக் கூப்பிட்டுவிடுவாள். பத்திரிகையில் எழுதுகிறவள், நாலு பேரிடம் பேசத் தெரியும் என்பது அவள் கணக்கு. போன இடத்தில் என்னைப் பேச விடமாட்டாள் என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை ஹரி. கும்மிடிப்பூண்டி பஜாரில் அவன் அப்பா முனிரத்தினத்துக்கு ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் விற்கிற பெரிய கடை. ஹரியும் அங்கேதான். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு சம்பந்தி சொல்லிவிட்டார் – சீர் சாமானெல்லாம் நம்ம கடையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கேட்கச் சலுகை மாதிரிதான் இருக்கும். ஆனால் மருமகளாக வரப்போகிறவள் வேறு கடையில் ஃப்ரிட்ஜ் எடுத்தால் பஜாரில் அவருக்கு என்ன மரியாதை? ஆகவே அது கட்டளைதான்.

(சீர் கொடுப்பது சரியா என்று எனக்குக் கடிதம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சண்டையை அக்காவுடன் போட்டு நான் ஏற்கெனவே தோற்றுவிட்டேன்.)

இந்த இடத்தில் யமுனாவின் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அக்கா சொல்லவில்லை. அதுதான் இத்தனைக்கும் காரணம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஸ்டார் போட்ட லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும், கவனித்திருப்பீர்கள். எத்தனை ஸ்டார், வருஷத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கும் என்று அதில் இருக்கும். கடையில் அந்த லேபிள் வாங்குகிறவர் கண்ணில் படும்படி இருக்கிறதா, அந்த மாடலுக்கு உரியதுதானா என்று போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி பதிவு செய்வது யமுனாவின் வேலை. அரசுக்காக இதைச் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். காக்களூர், சோழவரம் என்று ஊர் ஊராக ஸ்கூட்டரில் போவாள். சில கடைகளில் டீ சொல்வார்கள். சில கடைகளில் முறைப்பார்கள். இரண்டையும் கண்டுகொள்ளாமல் வேலையை முடித்துவிட்டு வருவாள்.

மாப்பிள்ளை வீட்டில் அக்கா சொன்னது என்ன தெரியுமா? 'ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை.'

கடை கடையாக ஏறி இறங்குகிற பெண் என்றால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதுவும் சம்பந்தியே கடைக்காரர். யமுனா ஒத்துக்கொள்ளவில்லை. தாலி ஏறட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா அழுது புரண்டு, ஹரியிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதற்குள் ஆபீஸில் ஏரியாவை மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து கும்மிடிப்பூண்டி பஜாரும் யமுனாவின் பொறுப்பு. ஃப்ரிட்ஜ் எடுக்கக் கடைக்குப் போன அன்று பஸ்ஸில் என் காதோடு அவள் இதைச் சொன்னபோது, முன் சீட்டில் அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினம் கடை வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். நாஷ்டா ஆயிற்றா என்று விசாரித்தார். நல்ல மனிதர், பெருங்குரல். ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக நின்றன. பூப்போட்ட கதவு, கண்ணாடிக் கதவு, முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு. அக்கா நேராகப் போய் ஒரு பெரிய டபுள் டோர் முன்னால் நின்றுவிட்டாள். அடர் சிவப்பு. அதன் கைப்பிடியைப் பிடித்தபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

யமுனா கைப்பிடியைப் பார்க்கவில்லை. கதவின் மேல்பகுதியைப் பார்த்தாள். அடுத்ததற்குப் போனாள். அதற்கு அடுத்தது... வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்து, ஒரு கதவில் விரலை வைத்துத் தேய்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் மிச்சம். அதில் தூசி படிந்திருந்தது. ஒரு ஃப்ரிட்ஜில்கூட லேபிள் இல்லை.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகளின் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு. அந்தக் கிள்ளு எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் நிறைய வாங்கியிருக்கிறேன். 'வாயைத் திறக்காதே' என்று அதற்கு அர்த்தம்.

யமுனா திறந்தாள். இதில் இருந்த ஸ்டிக்கரெல்லாம் எங்கே மாமா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். முனிரத்தினம் சிரித்துக்கொண்டே அதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பதாகச் சொன்னார்.

சோழவரம் பக்கம் ஒரு வீடு. இரண்டு மருமகள்கள். மூத்தவள் வந்தபோது சீரில் வந்த ஃப்ரிட்ஜ் ஐந்து ஸ்டார். இளையவளுக்கு முனிரத்தினத்தின் கடையில் வாங்கியது மூன்று ஸ்டார். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் சீர் சாமான்களை வரிசையாக வைப்போம் இல்லையா? வந்த சொந்தமெல்லாம் குனிந்து ஸ்டாரை எண்ணியிருக்கிறது. பெரியவளுக்கு அஞ்சு, சின்னவளுக்கு மூணுதானா என்று ஒரு அத்தை ஆரம்பிக்க, பேச்சு மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு கடைக்கு ஓடி வந்து, எப்படியாவது மாற்றிக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். ஐந்து ஸ்டார் என்றால் ஓட்டல் மாதிரி, ஸ்டார் கூடினால் கௌரவம் கூடும் என்று நம் ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள். கரண்ட் கணக்கு கௌரவக் கணக்காகிவிட்டது.

"ஒரு ஸ்டிக்கருக்கோசரம் அந்த மனுஷன் பந்தியில குந்தாம ஓடியாந்தாரும்மா. எனுக்கு மனசு கேக்கல. அன்னிலேர்ந்து பெட்டிய பிரிச்சதும் மொத வேல, உரிக்கறதுதான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சட்டப்படி தப்பு. ஆனால் ஒரு பெண்ணின் அப்பாவை மண்டபத்தில் தலைகுனிய விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். லேபிளை உரித்துவிட்டால் விற்காமல் நிற்கிற பழைய சரக்கும் புதுசோடு சேர்ந்து விற்றுவிடும் என்பதும் நடுவில் ஞாபகத்துக்கு வந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யமுனா அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும். நான் கம்ப்யூட்டர் வேல பாக்கல. இந்த லேபிள் ஒட்டிக்கீதான்னு கடை கடையா போய்ப் பாக்கறதுதான் என் வேல. அடுத்த மாசம் இந்த பஜாருக்கு வர வேண்டியவளும் நான்தான்."

 யாருக்கோ வாஷிங் மெஷினை விளக்கிக்கொண்டிருந்த ஹரி அப்படியே திரும்பிப் பார்த்தான். அக்காதான் முதலில் சுதாரித்தாள். "அதுலயும் கம்ப்யூட்டர் கீது சம்பந்தி. கையிலயே எடுத்துக்கினு போவா" என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்போ என் கட மேல நீயே எழுதிக் குடுப்பியாமா?" என்று கேட்டார் முனிரத்தினம். பெருங்குரல் எங்கேயோ போயிருந்தது.

"நான் எழுத மாட்டேன் மாமா. சொந்தக்காரங்க கடைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு ஒதுங்கிக்குவேன். வேற ஆளு வருவாங்க. லேபிள் இல்லன்னா இல்லன்னுதான் எழுதுவாங்க. எழுதாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

 முனிரத்தினம் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்களை இன்னொரு நாள் வரச் சொன்னார். சம்பந்தி வீட்டில் 'இன்னொரு நாள்' என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. இனிமேல் எந்த முகத்தோடு வெளியே போவது? யமுனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "அந்த ஊட்டுக்குப் போய் தெனமும் அவரு மூஞ்சியப் பாத்துக்கினு பொய் சொல்லணும்மா. என்னால ஆவாது."

அந்தப் பயணம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. பெண் பார்க்கிற சமாச்சாரமே லேபிளை உரித்துவிட்டுப் பளபளவென்று காட்டுவதுதானே? பையனின் கோபத்தை உரித்துவிடுகிறோம். கடனை உரித்துவிடுகிறோம். பெண்ணின் வேலையை, ஆசையை, உடம்புக்கு இருக்கிற ஒரு சின்னத் தொந்தரவை... எல்லாவற்றையும். நிறம் என்ன, உயரம் என்ன என்று விசாரிக்கிறவர்கள், இந்த மனிதனோடு வாழ வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பதில்லை. மண்டபத்தில் பார்க்கிறவர்களுக்கு அரைநாள் வேடிக்கை. பில் வருவது என்னவோ வீட்டுக்குத்தான், அதுவும் ஆயுசு முழுக்க.

சம்பந்தி வீட்டிலிருந்து போன் வரவில்லை. ஹரி மட்டும் யமுனாவிடம் பேசினானாம். தன்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்பட்டானாம். அப்பாவிடம் தான் பேசுவதாகவும் சொன்னானாம். அக்கா அதை நம்பவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் நானும் அக்கா வீட்டில் இருந்தபோது அப்பாவும் மகனும் வந்து இறங்கினார்கள். முனிரத்தினம் கையில் பெரிய பிஸ்கட் டப்பா. நிச்சயத்துக்குப் போட்ட நகையைத் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார் என்று அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். டப்பாவைத் திறந்து யமுனா முன்னால் வைத்தார்.

உள்ளே உரித்த லேபிள்கள். சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாதி கிழிந்து. தூக்கிப் போட மனசு வரவில்லையாம். இப்போது எது எந்த ஃப்ரிட்ஜுடையது என்று தெரியாமல் அவரும் ஹரியும் அல்லாடுகிறார்களாம். "நானும் நைனாவும் பேஜாராயிட்டோம்மா" என்றார், ஹரியைக் காட்டி. மகனை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

தான் வந்து ஒட்டித் தர முடியாது என்று யமுனா சொல்லிவிட்டாள். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் காட்டினாள். லேபிளில் மாடல் நம்பர் இருக்கும், மெஷினில் இருக்கும் நம்பரோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாததை ஒட்டினால் ஒட்டாததைவிடப் பெரிய தப்பு. கிழிந்ததற்குக் கம்பெனியில்தான் கேட்க வேண்டும். முனிரத்தினம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஜாதகம் பார்க்கிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றார். ஹரி சிரித்தான். யமுனாவும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, இன்னும் நிலைப்படியிலேயே நின்றாள்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். பெண்ணின் வேலையை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். கோபமில்லை, கேள்விதான். கடை கடையாகப் போகிறவள் என்றால் கௌரவக் குறைச்சலாக நினைப்பீர்களோ என்று பயந்துவிட்டேன் என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள்.

"பாக்கறவன் இன்னா நெனைப்பானோன்னு நீங்க உரிச்சீங்க. அதே பயத்துலதான் நானும் உரிச்சேன். இனிமே ரெண்டு பேருக்கும் அது வேணாம் சம்பந்தி."

அக்கா அதற்கப்புறம்தான் நிலைப்படியை விட்டாள்.

எல்லா லேபிளும் திரும்ப ஏறுவதற்குள் ஆபீஸிலிருந்து வேறொருவர் கடைக்கு வந்துவிட்டார். சில ஃப்ரிட்ஜ்களில் லேபிள் இல்லை என்று பதிவு செய்துகொண்டு போனார். என்ன ஆயிற்று என்று நான் போனில் விசாரித்தபோது, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார் முனிரத்தினம்.  யமுனாவிடம் வருத்தம் காட்டவில்லை.

அப்புறம் ஃப்ரிட்ஜ். லேபிள் திரும்பி வந்த அதே சிவப்பு டபுள் டோரில் நாலு ஸ்டார். அக்கா வெற்றிச் சிரிப்பு சிரித்தாள். யமுனா பக்கத்தில் இருந்த சின்ன சிங்கிள் டோரைக் காட்டினாள். மூன்று ஸ்டார். ஆனால் வருஷத்துக்கு ஆகும் யூனிட் பெரியதைவிடக் குறைவு. நானும் இத்தனை வருஷம் ஸ்டாரோடு நின்றுவிட்டவள்தான். கீழே இருக்கும் யூனிட்டை இப்போதுதான் படித்தேன். ஹரி வீட்டு மாடி போர்ஷனில் இருக்கப்போவது இரண்டே பேர், அலமாரி மாதிரி ஒன்று எதற்கு? மண்டபத்தில் மானம் போய்விடும் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை.

போன வாரம் கல்யாணம் முடிந்தது. கட்டில், பீரோ, பாத்திரங்கள், கடைசியில் மஞ்சள் குங்குமம் வைத்து ரிப்பன் கட்டிய சின்ன ஃப்ரிட்ஜ். கதவில் லேபிள். பொட்டுகூட அதன்மேல் படாமல் தள்ளி வைத்திருந்தார்கள்.

எங்கிருந்தோ ஒரு அத்தை வந்தார். எப்படியும் வருவார் என்று எனக்குத் தெரியும். குனிந்தார். எண்ணினார். "மூணுதானா?" என்றார், நாலு பேர் காதில் விழும்படி. அக்கா என் கையை நசுக்கினாள்.

முனிரத்தினம் பக்கத்தில் வந்து நின்றார். "ஆமா, மூணுதான். கீழ யூனிட்டு போட்டுக்கீது பாருங்க, அதயும் படிங்க. என் மருமவ படிச்சிட்டுத்தான் எடுத்தா."

அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நான் அத்தானைத் தேடினேன். மூன்று ஸ்டார் கொடுத்த பெண்ணின் அப்பா ஆயிற்றே...

பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.